மழையை மறைத்துப் பயிர் வளர்க்கும் படிப்பு

வணக்கம் அம்மா. வறட்சி தாங்கும் பயிர் ரகங்களை உருவாக்கும் படிப்பை உங்கள் மகள் படிக்கலாமா என்பது பற்றி, "இவ்வளவு மதிப்பெண் வாங்கிவிட்டு வெயிலில் வயலில் போய் நிற்கவா?" என்று கேட்டிருந்தீர்கள். ஆமாம், நிற்கத்தான் வேண்டும். அந்த ரகங்களை உருவாக்குபவர்களின் நாள் பெரும்பாலும் வயலிலும், புள்ளியியலோடு கணினி முன்னாலும்தான் கழிகிறது.

வறட்சியைச் சோதிக்க முதலில் வறட்சி வேண்டும். நாம் கேட்கிற நாளில் அது வராது. பூக்கும் நேரத்தில் தண்ணீரை நிறுத்தியிருக்கும்போது ஒரு நல்ல மழை பெய்தால் அந்தப் பருவத்து உழைப்பு போச்சு. (ஊரே மழைக்கு ஏங்கும்போது 'இன்றைக்கு வேண்டாம்' என்று நினைக்கிற ஒரே கூட்டம் இவர்கள்தான்!) அதனால் மேகம் கூடியதும் தண்டவாளத்தில் நகர்ந்து வந்து வயலை மூடும் கூரைகளை அமைக்கிறார்கள். அல்லது மழையில்லாத பருவத்தில் பாசனம் கொடுத்து வளர்த்து, வேண்டிய நாளில் அடைக்கிறார்கள். மெக்சிகோவின் வறண்ட வடமேற்கில், ஒப்ரகோன் நகர் அருகே, மக்காச்சோளமும் கோதுமையும் ஆராயும் பன்னாட்டு நிறுவனமான சிம்மிட் கோதுமையை இப்படித்தான் சோதிக்கிறது. ஐதராபாத் அருகே படான்செருவில், வறண்ட நிலப் பயிர்களை ஆராயும் பன்னாட்டு நிறுவனமான இக்ரிசாட்டில் நீளமான குழாய்களில் மண் நிரப்பிச் செடி வளர்த்து, குழாயோடு தூக்கி எடை போடுகிறார்கள். எந்தச் செடி எப்போது எவ்வளவு தண்ணீர் குடித்தது என்பது அதில் தெரிந்துவிடும். மணி பிடிக்கும் காலத்துக்கென்று மண்ணில் கொஞ்சம் ஈரத்தை மிச்சம் வைக்கிற செடி கடைசிக்கட்ட வறட்சியில் தாக்குப்பிடிக்கிறது.

மக்காச்சோளத்தில் இன்னொரு சங்கதி. வறட்சி வந்தால் ஆண் பூ மகரந்தம் உதிர்த்த பிறகும் கதிரின் பட்டிழை (மகரந்தத்தை ஏற்கும் நூல் போன்ற இழை) வெளியே வரத் தாமதிக்கும். கதிரில் மணி குறையும். இந்த இடைவெளி குறைந்த செடிகளைத் தேர்ந்தெடுத்தே பல ரகங்கள் முன்னேறின. இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். தினமும் வரிசை வரிசையாக நடந்து, பூத்த தேதியைத் தவறாமல் குறிக்கும் ஆள் வேண்டும். உங்கள் மகள் அப்படிப்பட்டவரா என்று பாருங்கள். மதிப்பெண் பற்றி எனக்குக் கவலையில்லை.

படிப்பு என்றால், இளநிலையில் வேளாண்மை, தாவரவியலும் பரவாயில்லை. அப்புறம் முதுநிலையில் மரபியலும், புதிய ரகங்களை உருவாக்கும் துறையான பயிர்ப்பெருக்கமும். சொந்தமாக ஒரு ஆய்வுத் திட்டம் நடத்த முனைவர் பட்டம் தேவைப்படும். அது இல்லாமலும் விதை நிறுவனங்களில் கள சோதனை, தரவுப் பகுப்பாய்வு வேலைகள் உண்டு. ஆனால் இரண்டு செடிகளை இனக்கலப்பு செய்வதிலிருந்து ஒரு ரகம் விவசாயி கைக்குப் போக 10 ஆண்டுகள்கூட ஆகலாம். அவசரக்காரர்களுக்குச் சரிப்படாது.

கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டடத்தை விட்டுவிட்டுச் சோதனை வயலைக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு பாத்திக்கும் தனியாகத் தண்ணீரை நிறுத்த முடிகிறதா, மண் ஈரத்தை அளக்கிறார்களா, மண் சீராக இருக்கிறதா என்று கேளுங்கள். ஈரம் தங்கும் பள்ளத்தில் நின்ற சாதாரணச் செடிகூட வறட்சி தாங்கிய வீரனாகத் தெரியும்!

முடிவெடுக்கும் முன் ஒரு மாதம், அதுவும் பூக்கும் பருவத்தில், மகளை ஏதாவது ஆய்வுப் பண்ணையில் உதவியாளராக அனுப்பிப் பாருங்கள். மாதம் முடிந்ததும் அவர் எழுதிவந்த களக் குறிப்பேட்டோடு இருவரும் வாருங்கள், பேசுவோம்.