முகம் இருக்கட்டும், முதலில் காலைப் பார்

கேள்வி: அக்கா, எனக்கு 22 வயது. சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறேன். இளம்பிள்ளையில் புடவை வியாபாரம் செய்யும் தெரிந்தவர் ஒருவர், ஆன்லைனில் போடுவதற்காக என்னைப் புடவை கட்டி நிற்கச் சொன்னார். போன மாதம் ஏற்காட்டில் ஷூட். "கட்டை மாதிரி நிக்காதம்மா, ஃப்ரீயா இரு" என்று போட்டோகிராஃபர் சொல்லிக்கொண்டே இருந்தார். எப்படி ஃப்ரீயாக இருப்பது என்று சொல்லவே இல்லை. படங்களைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. கண்ணாடியில் நன்றாகத்தான் இருக்கிறேன். படத்தில் முகம் ஒரு பக்கம் கோணலாகத் தெரிகிறது, கை சும்மா தொங்குகிறது. இப்போது செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுக் கடையிலும் கேட்டிருக்கிறார்கள். போஸ் கொடுப்பது பிறவியிலேயே வரவேண்டிய விஷயமா? பழகினால் வருமா?

பதில்: பழகினால் வரும் கண்ணு. முதலில் அந்த அழுகையைத் தீர்த்துவிடுவோம். கண்ணாடி உன் முகத்தை இடம் வலமாக மாற்றிக் காட்டுகிறது. யாருக்கும் முகத்தின் இரண்டு பாதியும் ஒன்றுபோல இருக்காது. 22 வருடமாக நீ பார்த்துப் பழகிய முகம் மாறிய முகம். படத்தில் இருப்பது உன் அம்மாவும் தோழிகளும் தினம் பார்க்கிற முகம். அவர்களிடம் அந்தப் படத்தைக் காட்டு, கோணல் எங்கே என்று திருப்பிக் கேட்பார்கள்.

அப்புறம், "ஃப்ரீயா இரு" என்று சொன்னால் யாருக்கும் உடம்பு இறுகத்தான் செய்யும். அது உன் குறை இல்லை. நான் பல வருடம் கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்துவிட்டு, போட்டோ எடுக்கும்போது ஓரமாக நின்று பார்த்தவள். அதில் நான் கண்ட ஒரு விஷயத்தைத்தான் உனக்குச் சொல்லப் போகிறேன். போஸ் காலில் தொடங்குகிறது. எல்லோரும் முகத்தைச் சரிசெய்யப் பார்க்கிறார்கள். கால் சரியாக நின்றால் முகத்துக்குப் பாதி வேலை குறைந்துவிடும்.

இப்போதே எழுந்து நின்று பார். இரண்டு காலிலும் சமமாக எடை இருந்தால் இடுப்பு ஒரே மட்டம், தோளும் ஒரே மட்டம். ஆதார் அட்டைக்கு நிற்கிற மாதிரி இருக்கும். எடை முழுவதையும் பின்னங்காலுக்குக் கொண்டுபோ. முன்னங்கால் முட்டி தானாக இளகும், இடுப்பு ஒரு பக்கம் ஏறும், அதற்கு ஈடாகத் தோள் மறுபக்கம் சாயும், தலையும் லேசாகத் திரும்பும். நீ செய்தது ஒன்றே ஒன்றுதான், மற்றதெல்லாம் உடம்பே செய்துகொண்டது. நம் சிற்பிகள் இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். நேராக நிற்பது சமபங்கம், லேசான வளைவு அபங்கம், கழுத்து, இடுப்பு, முட்டி என்று மூன்று இடத்தில் வளைந்தால் திரிபங்கம்.

உனக்கு இதைவிட நல்ல வகுப்பு பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தாரமங்கலம் பஸ் ஏறி கைலாசநாதர் கோயிலுக்குப் போ. மண்டபத் தூண்களில் இருக்கும் பெண் உருவங்களின் முகத்தைப் பார்க்காதே. எந்தக் காலில் எடை இருக்கிறது என்று கண்டுபிடி. அங்கிருந்து மெதுவாக மேலே பார்த்துக்கொண்டே போ: முட்டி, இடுப்பு, தோள், கழுத்து. ஒரு மணி நேரம் போதும். அங்கே ராமர், வாலி சிற்பங்களும் உண்டு. ராமர் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் வாலி தெரிவார். வாலியிடமிருந்து பார்த்தால் ராமர் தெரியமாட்டார். அந்த இரண்டு இடத்திலும் நின்று பார்த்துவிட்டு வா. கேமரா எங்கே நிற்கிறது என்று தெரியாமல் கொடுக்கிற போஸ் வீண் என்பது அங்கே புரிந்துவிடும். ஷூட்டில் நிற்பதற்கு முன்னால், "எங்கேயிருந்து எடுக்கிறீர்கள்? முழு உருவமா, இடுப்பு வரையா?" என்று கேள். லென்ஸ் மிகக் கிட்டே வந்தால் எது முன்னால் இருக்கிறதோ அது பெரிதாகிவிடும், மூக்கானாலும் சரி கையானாலும் சரி. முகத்துக்குப் பலரும், தள்ளி நின்றாலும் முகத்தைக் கிட்டே காட்டுகிற 85 மி.மீ. லென்ஸை எடுத்துக்கொண்டு தள்ளி நிற்பது இதனால்தான்.

புடவைக்குள் கால் எங்கே தெரியப்போகிறது என்று நினைக்காதே. முன்னங்கால் முட்டி இளகினால் கொசுவம் விசிறி மாதிரி விரிந்து விழும், கரை நன்றாகத் தெரியும். இரண்டு காலையும் சேர்த்து வைத்தால் அதே கொசுவம் குழாய் மாதிரி தொங்கும். வாங்குகிறவர்கள் பார்க்கப்போவது கரையையும் முந்தியையும்தான். முந்தியைப் பிடிக்கிற கை உடம்போடு ஒட்டாமல், நடுவே வெளிச்சம் தெரிகிற அளவுக்கு முழங்கையை விலக்கிக்கொள்.

கையைப் பற்றி ஒன்று சொல்கிறேன். ஒரு பெண், முகூர்த்தத்துக்கு முதல் நாள் மாலை. பத்து விரலும் விறைத்துப்போய் நின்றாள். மடியில் மிச்சமிருந்த மல்லிகையையும் நாரையும் அவள் கையில் கொடுத்து, "இதைக் கட்டி முடி, அப்புறம் எடுக்கலாம்" என்றேன். நாலு பூ கட்டுவதற்குள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பூவைப் பிடிக்க, சுண்டுவிரல் தானாக விலகி நின்றது. மணிக்கட்டு வளைந்தது. போட்டோகிராஃபர் அதை எடுத்தார். அன்றைக்கு எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். உன் கைக்கும் ஏதாவது வேலை கொடு. வளையலைத் தொடு, கூந்தலை ஒதுக்கு, கொசுவத்தை ஒரு விரலால் நீவு. பூவைத் தொடுகிற அழுத்தம்தான் இருக்கவேண்டும். புறங்கை கேமராவுக்கு நேராக இருந்தால் கை பெரிதாகத் தெரியும், சுண்டுவிரல் பக்கம் தெரிகிற மாதிரி திருப்பிக்கொள்.

"ரெடி" என்றதும் எல்லோரும் மூச்சைப் பிடிப்போம், தோள் காதுவரை ஏறிவிடும். மூச்சை வெளியே விடு. தாடையைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, பிறகு சற்றே இறக்கு. உனக்கு விசித்திரமாக இருக்கும், படத்தில் கழுத்து அழகாக வரும். கண் சோர்ந்துபோனால் மூடிக்கொண்டு, மூன்று எண்ணும்போது திற. ஒரே போஸில் உறைந்து நிற்காதே. ஒரு க்ளிக் விழுந்ததும் ஒன்றை மட்டும் மாற்று, முகவாயையோ கையையோ. எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது நன்றாக வந்தது என்று யாருக்கும் தெரியாது.

சாயங்காலம் மொட்டைமாடியில் போனை ஒரு குடத்தில் சாய்த்து வைத்து, கால் மணி நேரம் வீடியோ எடு. நிறுத்தி நிறுத்திப் பார்த்து, உனக்குப் பொருந்துகிற நாலைந்து நிலைகளைத் தேர்ந்தெடு. பிறகு கண்ணாடியோ போனோ இல்லாமல் அவற்றைச் செய்து பழகு. ஷூட்டில் கண்ணாடி இருக்காது.

ஏற்காட்டைப் பற்றி: 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடித்ததும் முகம் வெளிறிப்போயிருக்கும். லேசாகச் சாப்பிட்டுவிட்டு ஏறு, மேலே போய் அரை மணி உட்கார். உச்சி வெயிலில் கண்ணுக்குக் கீழே குழி விழுந்த மாதிரி நிழல் வரும், அதனால் காலையிலோ நாலு மணிக்கு மேலோ எடுக்கச் சொல். மூடுபனி வந்தால் கவலைப்படாதே, முகத்துக்கு அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. காபித் தோட்டத்தில் சில்வர் ஓக் நிழலில் நின்றால் இலை இடுக்கில் வரும் வெயில் முகத்தில் பொட்டுப் பொட்டாக விழும். ஓரடி நகர்ந்து பார். லேடீஸ் சீட், பகோடா பாயின்ட் பக்கம் பாறை விளிம்பில், "இன்னும் கொஞ்சம் பின்னாடி போம்மா" என்று யார் சொன்னாலும் திரும்பிப் பார்க்காமல் ஓரடிகூட வைக்காதே. புடவையில் கால் தடுக்க ஒரு நொடி போதும்.

புடவையைச் சரிசெய்ய ஒரு பெண் உதவியாளர் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் "நானே சரி பண்ணிக்கிறேன்" என்று சொல், தயங்காதே. உடை மாற்ற இடம் எது என்று முதல் நாளே கேட்டுவிடு. அம்மாவையோ தோழியையோ கூட்டிப்போ. எவ்வளவு பணம், படங்களை எங்கெங்கே, எத்தனை நாள் பயன்படுத்துவார்கள் என்று எழுதி வாங்கு. வாய்ப்புத் தருகிறேன், முதலில் போர்ட்ஃபோலியோவுக்கு, அதாவது உன் படத் தொகுப்புக்கு, பணம் கட்டு என்று கேட்கிறவர்களிடம் போகவே போகாதே.

கொலுசு ஷூட்டுக்கு நீ சம்மதிக்கலாம். காலில்தான் எல்லாம் என்று சொன்னேனே, அங்கே காலுக்கு மட்டும்தான் வேலை. படம் எடுக்கிற காலில் எடை வைக்காதே, நரம்பு புடைத்து விரல்கள் பரந்துவிடும். குதிகாலைக் கொஞ்சம் தூக்கி, பெருவிரலை முன்னால் நீட்டினால் கொலுசு கணுக்கால் எலும்பின்மேல் வந்து அழகாகப் படியும். திருகு பின்பக்கம் இருக்கட்டும். காலையிலிருந்தே சாக்ஸும் இறுக்கமான லெக்கின்ஸும் வேண்டாம், அந்தத் தடம் சீக்கிரம் மறையாது. வெள்ளி கண்ணாடி மாதிரி, பாவாடை என்ன நிறமோ அது அதில் தெரியும். எந்த நிறம் உடுத்தவேண்டும் என்று கேட்டுக்கொண்டு போ. மருதாணியும் அப்படித்தான். முதல் நாள் இரவு கடைக்காரருக்கு ஒரு போன் போட்டு, வேண்டுமா வேண்டாமா என்று கேட்ட பிறகு வை.