பி.டி. பருத்தியை நெருக்கி நட்டால் காய் குறைவது ஏன்?

பெரம்பலூர்ப் பகுதி வாசகர் ஒருவரின் கேள்வி: "சென்ற ஆண்டு 90 × 60 செ.மீ. இடைவெளியில் ஊன்றிய பி.டி. கலப்பினப் பருத்தியில் செடிக்கு 40 காய் பிடித்தது. இவ்வாண்டு 90 × 30 ஆக நெருக்கினேன். 85 நாளாகிறது, சப்பை (பூ மொட்டு) கொட்டுகிறது, செடிக்கு 22 காய் தேறினாலே அதிகம். மரபணு வேலை செய்யவில்லையா?"

பி.டி. மரபணு, அதாவது மண் பாக்டீரியம் ஒன்றிலிருந்து எடுத்துச் சேர்த்த, புழுவைக் கொல்லும் நஞ்சை உண்டாக்கும் மரபணு, காய்ப்புழுவைத் தடுக்குமே தவிர, காய் பிடிக்க வைப்பது அதன் வேலையன்று. சப்பைக்கும் பிஞ்சுக்கும் உணவின் பெரும்பகுதி அவற்றை ஒட்டியுள்ள இலையிலிருந்தே வருகிறது. பக்கத்துச் செடி அந்த இலைக்கு நிழலிட்டால், பூத்துப் பத்து நாள் ஆகாத பிஞ்சைச் செடி உதிர்த்துவிடும். அதைத் தாண்டிய காய் பெரும்பாலும் நின்றுவிடும்.

ஐயம் தீர, உதிர்ந்த சப்பைகளில் ஐம்பதைப் பொறுக்கிப் பாருங்கள். துளையும் புழுவின் எச்சமும் இருந்தால் புழுவே காரணம். இளஞ்சிவப்புக் காய்ப்புழு இந்தியாவில் பி.டி. நஞ்சுக்கு எதிர்ப்புத் திறன் பெற்றுவிட்டதால், அந்த வாய்ப்பைத் தள்ளிவிட முடியாது. துளையில்லாமல் இருந்து, வரப்போரச் செடிகளில் அடிக்கிளைவரை காய் நிற்க, நடு வயலில் அடிக்கிளை வெறுமையாக இருந்தால், போட்டிதான் காரணம்.

புழு எதிர்ப்புத் திறன் பெறுவதைத் தாமதப்படுத்த, விதையுடன் கலந்து தரப்படும் பி.டி. அல்லாத செடிகளையும் கவனியுங்கள். புழு தின்று சப்பையை இழந்த செடி, காய்க்குப் போகவேண்டிய சத்தைத் தண்டுக்கும் இலைக்கும் செலுத்தி உயர்ந்து வளரும். அருகே காய்ச் சுமையால் குட்டையாக நிற்கும் பி.டி. செடியின்மேல் அதன் நிழல் விழும்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஏக்கருக்கு முன்பு சுமார் 7,500 செடி, இப்போது 15,000. ஆகவே 3,00,000 காய்க்குப் பதில் 3,30,000 கிடைக்கும். செடிக்குக் குறைந்தாலும் நிலத்துக்குக் குறையவில்லை. ஆனால் காயின் எடை சற்றுக் குறையக்கூடும். விதைச் செலவோ இருமடங்கு. படர்ந்து கிளைக்கும் கலப்பினத்துக்கு இந்த நெருக்கம் கட்டுப்படியாகாது என்பதே என் கருத்து. அது ஒடுங்கி வளரும் இரகங்களுக்கு ஏற்றது.

இந்தப் பருவத்தில் நெருக்கத்தைக் குறைக்கச் செடியைப் பிடுங்கிக் கலைக்க வேண்டாம், காலம் கடந்துவிட்டது. இருபதாம் கணுவுக்கு மேல் நுனியைக் கிள்ளிவிடுங்கள். வளர்ச்சி அடங்கி, உள்ள காய்க்குச் சத்து சேரும்.