பழகிய வலிக்கு மாத்திரை ஏன் கேட்பதில்லை?

பெரம்பூரில் இருக்கும் உங்கள் அம்மாவுக்குப் பல வருட முதுகுவலி. முன்பு கேட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை இப்போது கேட்கவில்லை, டாக்டர் எழுதிய அமிட்ரிப்டிலினோ மனச்சோர்வு மாத்திரையாச்சே என்கிறீர்கள். டாக்டர் சரியாகத்தான் யோசித்திருக்கிறார்.

டைக்ளோஃபெனாக் முக்கியமாக வீக்கம் உள்ள இடத்தில் வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளின் உற்பத்தியைக் குறைக்கிறது. வலி மாதக்கணக்கில் நீடித்தால் தண்டுவடமும் மூளையும் அதற்குக் கூர்மையாகிவிடும். முதுகில் புதுக் காயம் இல்லாமலே, குனிந்து வாளியைத் தூக்குவதுகூடக் கடும் வலியாகப் பதிவாகும். அங்கே வீக்க மாத்திரைக்கு அதிக வேலையில்லை.

மூளைத்தண்டிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி வலியை அடக்கும் நரம்புப் பாதை ஒன்று உண்டு. அமிட்ரிப்டிலின், நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் செரட்டோனினையும் நார் அட்ரினலினையும் நரம்பு இடைவெளியில் கூடுதல் நேரம் தங்கவைத்து அந்தப் பாதைக்குப் பலம் சேர்க்கிறது. வலிக்கு ராத்திரியில் 10 மில்லிகிராம் போலக் குறைந்த அளவில்தான் தொடங்குவார்கள். பலன் தெரியச் சில வாரம் ஆகும். "எனக்கென்ன மனநோயா" என்று மூன்றாம் நாளே நிறுத்திவிடுகிறவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. வாய் உலரும், தூக்கக் கலக்கம் இருக்கும், இரவில் எழும்போது கைபிடித்துக் கூட்டிப்போங்கள். இதயக் கோளாறு இருந்தால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள்.

அப்புறம், டிரமடால் என்ற வலி மாத்திரை. அது, அபின் வகை மருந்துகள் ஒட்டிக்கொள்ளும் இடங்களான ஓபியாய்டு ஏற்பிகளில் வேலை செய்யும். ஏற்பிகள் பழகப் பழக அளவு கூடிக்கொண்டே போகலாம். பழைய சீட்டைக் காட்டி அதை வாங்கிக் கொடுக்காதீர்கள். அமிட்ரிப்டிலினோடு சேர்ந்தால் வலிப்பு வரும் ஆபத்தும் உண்டு.