பேச்சு தாமதமாகும் பிள்ளைகள்: கேள்வி பதில்

அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளின் மொழி வளர்ச்சி பற்றி ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்டவற்றுக்குச் சிறப்பாசிரியர் ஒருவரின் பதில்கள்.

என் வகுப்பில் டவுன் சிண்ட்ரோம் (குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கும் பிறவி நிலை) உள்ள பையன். சொன்னால் புரிகிறது, வாயைத் திறப்பதில்லை. தினமும் படம் காட்டி 'இது என்ன?' என்று கேட்கிறேன். (இரண்டாம் வகுப்பு ஆசிரியை, அரசுப் பள்ளி)

முதலில் காதைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். இந்தப் பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் கோத்துக் காது மந்தமாவது சகஜம். 'கவனிக்கவே மாட்டான்' என்று திட்டு வாங்குகிற சிலருக்குப் பாதிதான் கேட்கும். வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடம் பேசுங்கள். புரிதல் முன்னே போவதும் பேச்சு பின்னே வருவதும் இவர்களிடம் வழக்கம்தான்.

அப்புறம், 'இது என்ன?' வேண்டாமே! அது பரீட்சை. பேச அவனுக்கு ஒரு தேவை இருக்க வேண்டும். சத்துணவு நேரம் அதற்கு அருமையான இடம். 'சாம்பார் இன்னும் வேணுமா, போதுமா?' என்று கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். நாம்தான் பொறுக்காமல் பதிலையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். அவன் தட்டை நீட்டினால் அதுவும் பதில். 'இன்னும் வேணும்' என்று சொல்லியபடியே ஊற்றுங்கள். 'வேணும்' என்றால், 'சாம்பார் வேணும்' என்று ஒரு சொல் கூட்டிச் சொல்லுங்கள். 'சொன்னால்தான் தருவேன்' என்று சாப்பாட்டைப் பிடித்து வைப்பது மட்டும் கூடவே கூடாது.

படம் காட்டிப் பழக்கினால் வாய்ப்பேச்சே வராது என்கிறார் மாமியார். (ஒரு அம்மா, மதுரை)

இந்தப் பயம் பல வீடுகளில் உண்டு. படமும் சைகையும் பேச்சைத் தடுப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை. சிலருக்குப் பேச்சு கூடியிருக்கிறது. ஆனால் யானை, ஆப்பிள் படங்களோடு நிறுத்திவிடாதீர்கள். வா, குடு, வேண்டாம், வலிக்குது, முடிஞ்சது: நாள் முழுக்கத் தேவைப்படுபவை இவை. டேப்லெட் இருந்தால், படத்தைத் தொட்டால் அந்தச் சொல்லைப் பேசிக் காட்டும் அவாஸ் செயலியைப் பாருங்கள்; சென்னையில் உருவானது. இல்லாவிட்டால் அட்டையில் ஒட்டிய படங்களே போதும்.

வீட்டிலும் ஆங்கிலமே பேசச் சொல்கிறது மகளின் பள்ளி. (ஒரு அப்பா)

அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். உங்களுக்குச் சரளமாக வரும் தமிழிலேயே பேசுங்கள். இரு மொழி பழகிய டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகள் அதனால் பின்தங்கியதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஆங்கிலத்துக்காக நீங்கள் பேச்சைச் சுருக்கினால்தான் அவளுக்கு நஷ்டம். பாட்டியிடம் எந்த மொழியில் பேசுவாள், சொல்லுங்கள்?

எழுத்து தெரியாமல் சொல் படிக்க வைக்கலாமா? (பயிற்சி ஆசிரியர்)

தாராளமாக. 247 எழுத்தும் முடியட்டும் என்றால் பிள்ளை பள்ளியையே முடித்துவிடும்! அவன் பெயர், அம்மா, பந்து என்று முழுச் சொல்லாக அட்டையில் எழுதிக் காட்டுங்கள். காதால் கேட்டதைவிடக் கண்ணால் பார்த்தது டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகள் பலருக்கு நன்றாக நிற்கும். 'அம்மா', 'வா' இரண்டு அட்டையையும் பக்கத்தில் வைத்தால் ஒரு வாக்கியமும் கிடைத்துவிடும்.