மோட்டார் ஓடுகிறது, விண்மீன் நிற்கவில்லை

கேள்வி: என் தொலைநோக்கியின் ஈக்வடோரியல் மவுண்ட்டில் (பூமியின் சுழற்சிக்கு ஈடாகக் குழாயைத் திருப்பும் தாங்கியில்) மோட்டார் ஓடும் ஒலி கேட்கிறது. ஆனாலும் விண்மீன் சில நிமிடங்களில் கண்ணருகு வில்லையின் பார்வையிலிருந்து விலகிவிடுகிறது. திசை மாற்றும் பொத்தானை அழுத்தினால் சற்று நேரம் கழித்தே குழாய் அசைகிறது. மோட்டாரை மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். விண்மீன் எந்தப் பக்கம் விலகுகிறது என்பதை முதலில் கவனியுங்கள். வடக்கு தெற்காக மெல்ல நகர்ந்தால் மவுண்ட்டின் அச்சு வான்துருவத்தை, அதாவது விண்மீன்கள் சுற்றிவருவதுபோல் தோன்றும் மையப்புள்ளியை, சரியாக நோக்கவில்லை என்று பொருள். அதற்குப் பழுதுபார்ப்பு தேவையில்லை. மேற்கு நோக்கி நகர்ந்தால் மட்டுமே கியர்களைப் பார்க்க வேண்டும்.

பூமி 23 மணி 56 நிமிடம் 4 விநாடியில் ஒரு சுற்றுச் சுற்றுவதால், மோட்டார் சிறு கியர்கள் வழியாக வார்ம் எனப்படும் திருகுத் தண்டைச் சுழற்றி, அது பற்சக்கரத்தை அதே கதியில் எதிர்த்திசையில் நகர்த்த வேண்டும். சக்கரத்தில் 144 பற்கள் இருந்தால் வார்ம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 10 நிமிடம் எடுத்துக்கொள்ளும் என்பதால், அதன் அசைவு கண்ணுக்குப் புலப்படாது. வார்ம் தண்டின் முனையில் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டு, 10 நிமிடம் கழித்து அது ஒரு சுற்று வந்திருக்கிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால், தண்டோடு கியரைப் பிடித்திருக்கும் சிறு ஆலன் திருகு தளர்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம்; அதை இறுக்கினாலே போதும். வந்திருந்தால், பற்சக்கரத்தை அச்சோடு பிணைக்கும் பிடிப்பான கிளட்ச் வழுக்குகிறது. குழாயையும் எதிர் எடையையும் சமன்செய்துவிட்டுக் கிளட்சை இறுக்குங்கள்.

பொத்தானை அழுத்திய பிறகு ஏற்படும் தாமதம் வேறு கோளாறு. வார்முக்கும் சக்கரத்துக்கும் இடையிலுள்ள தளர்வே அதற்குக் காரணம். அதைச் சரிசெய்யும் முன் குழாயை முதலிலும் எதிர் எடையைப் பிறகும் கழற்றுங்கள். வரிசை மாறினால் குழாய் சட்டென்று கீழே சுழன்று முக்காலியில் மோதும். பின்னர் வார்ம் பெட்டியின் பிடிதிருகுகளைத் தளர்த்தி, தள்ளுதிருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்புங்கள். பற்சக்கரம் முழு வட்டமாக இருப்பது அரிது என்பதால், கிளட்சை இறுக்கி வைத்து, அச்சை மோட்டாராலேயே ஒரு முழுச் சுற்று ஓட்டி, மிக இறுக்கமான இடத்திலும் திணறாமல் ஓடும் அளவுக்குத் தளர்வை விட்டுவைக்க வேண்டும். அலுமினிய உடலில் பித்தளைச் சக்கரம் உள்ள மவுண்ட்டுகளில், குளிரில் அலுமினியம் அதிகம் சுருங்குவதால் பற்கள் மேலும் நெருங்கும். அறையில் மிகக் கச்சிதமாக வைத்த மவுண்ட் பனியிரவில் நின்றுவிடுவது இதனால்தான். தளர்வை அறவே ஒழிக்க முயல்வது தவறு என்பதே என் உறுதியான கருத்து. எஞ்சிய தளர்வைச் சமாளிக்க, கிழக்குப் பக்கம் சற்றுக் கனமாக இருக்கும்படி சமன்செய்தால் பற்கள் எப்போதும் ஒரே பக்கமாக ஒட்டியிருக்கும்.

கெட்டிப்பட்ட பழைய கிரீஸைத் துடைத்தெடுத்துப் புதியதை மெல்லியதாகத் தடவுங்கள். 12 வோல்ட் மின்சாரத்தை மோட்டார் ஓடும்போதே மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். ஓய்வில் காட்டும் அளவு ஏமாற்றும். மின்சாரம் பாயும்போது மோட்டார் வயரை ஒருபோதும் பிடுங்காதீர்கள், கட்டுப்பாட்டுப் பலகையின் சிப் எரிந்துபோகலாம். இத்தனைக்குப் பிறகும் கியரிலிருந்து பிரித்த நிலையிலேயே மோட்டார் விட்டுவிட்டு ஓடினால், அப்போது புதிய மோட்டார் வாங்குங்கள். அதன் கியர் விகிதமும் ஒரு சுற்றுக்கான படிகளின் (மோட்டார் நகரும் சிறு அசைவுகளின்) எண்ணிக்கையும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும்.