கோதுமையில் மஞ்சள் குட்டை நோய்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: வசந்த காலத்தில் வயலில் வட்டத் திட்டுகளாகப் பயிர் மஞ்சளித்துக் குட்டையாக நிற்கிறது. இப்போது அசுவினிக்கு மருந்து அடித்தால் தேறுமா?

பதில்: தேறாது. இந்நோய்க்குக் காரணம், சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினி பரப்பும் பார்லி மஞ்சள் குட்டை வைரஸ். அது செடிக்குள் புகுந்தபின் அதை அகற்ற மருந்தே இல்லை. நீங்கள் இன்று காண்பது பெரும்பாலும் இலையுதிர் காலத்தில் நேர்ந்த தொற்றின் விளைவு. இளம்பயிரில் தொற்றினால்தான் இழப்பு மிகுதி. தண்டு நீளத் தொடங்கிய பிறகு தொற்றும் பயிரில் பாதிப்பு குறைவு. தழைச்சத்துக் குறைபாடோ என்று ஐயம் இருந்தால், இலை மாதிரியை, வைரஸைக் கண்டறியும் எலைசா என்ற ஆய்வகப் பரிசோதனைக்கு அனுப்பிப் பாருங்கள்.

கேள்வி: மருந்து அடிக்கும் காலத்தை எப்படிக் கணிப்பது?

பதில்: சிறகுள்ள அசுவினி வந்து இறங்கிய இடத்தில் ஒரு சில செடிகளுக்குத்தான் நோய் தரும். அதன் குஞ்சுகள் வைரஸுடன் பிறப்பதில்லை. நோயுற்ற செடியின் சாற்றை உறிஞ்சி அதைப் பெற்றுக்கொண்டு, பக்கத்துச் செடிகளுக்கு ஊர்ந்து செல்கின்றன. திட்டுகள் வட்டமாக விரிவதற்கு இதுவே காரணம். ஆகவே அந்தப் பரவலைத் தடுப்பதே நோக்கம். பிரிட்டனில், பயிர் முளைத்த நாளிலிருந்து, நாளின் சராசரி வெப்பநிலையில் 3 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்டதை மட்டும் கூட்டி, மொத்தம் 170ஐ நெருங்கும்போது வயலை ஆராய்ந்து முடிவெடுக்கிறார்கள். சராசரி 11 டிகிரி என்றால் சுமார் 3 வாரம். 5 டிகிரி என்றால் ஏறத்தாழ 12 வாரம். நாள்காட்டியை மட்டும் பார்த்து அடிப்பது ஏன் பயன் தருவதில்லை என்பது இதிலேயே விளங்கும். இலையின் அடிப்புறத்தையும் தண்டின் அடியையும் பாருங்கள்: ஆலிவ் பச்சை நிற உடலின் பின்பகுதியில் துரு நிறத் திட்டு இருந்தால், அது இந்நோயைப் பரப்பும் முக்கிய இனமான ஓட்ஸ் அசுவினி.

கேள்வி: பாதுகாப்புக்காக ஒரு முறை கூடுதலாக பைரித்ராய்டு அடிக்கலாமா?

பதில்: வேண்டாம் என்பதே என் கருத்து. இந்நோயைப் பரப்பும் மற்றோர் இனமான தானிய அசுவினியில், பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்துக்கு எதிர்ப்புத் திறன் கொண்டவை ஏற்கெனவே உள்ளன. கூடுதல் தெளிப்பு அவற்றை விட்டுவிட்டு, பொறிவண்டு, சிலந்தி, ஒட்டுண்ணிக் குளவி ஆகியவற்றை அழித்துவிடும்.

கேள்வி: விதை மூலம் பரவுமா?

பதில்: பரவாது. அறுவடைக்குப்பின் தானாக முளைத்த தானியப் பயிரும் புல்லுமே வைரஸுக்கும் அசுவினிக்கும் புகலிடம். விதைப்புக்குச் சில வாரம் முன்பே அவற்றை அழித்துவிட்டு, இயன்றால் விதைப்பையும் சற்றுத் தள்ளிப்போடுங்கள்.