கரும்புப் பூவும் மூன்றாவது நீட் தேர்வும்

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து சென்ற வாரம் வந்த தந்தையார், மகளைப் பேசவிடாமல், தம் மைத்துனர் சொல்லியனுப்பிய கேள்வியைத்தான் கேட்டார். இரண்டு முறை நீட் எழுதியும் மருத்துவ இடம் கிடைக்கவில்லை. மூன்றாம் முறையும் எழுத வைப்பதா, தென்னந்தோப்பை அடமானம் வைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவதா? ஆறுதலாகச் சில வார்த்தைகள் சொல்லத் தொடங்கியிருந்தேன். அதற்குள் அந்தப் பெண் மடியிலிருந்த நோட்டைத் திறந்து காட்டினாள். வீட்டுப் பூசணிக் கொடியில் மறுநாள் மலரவிருந்த பெண் மொட்டை மாலையிலேயே நூலால் கட்டிவைத்து, விடியற்காலையில் வேறொரு கொடியின் ஆண் பூவைத் தடவி, மறுபடி கட்டித் தேதி குறித்திருந்தாள். பதினொரு பூவில் நான்கு காய்த்தன என்பதையும், மீதி ஏழு ஏன் உதிர்ந்திருக்கும் என்பதையும் எழுதியிருந்தாள்.

ஐயா, தோப்பை அடமானம் வைக்காதீர்கள். யோசனை சொன்ன மைத்துனர் வட்டி கட்டப் போவதில்லை. மூன்றாம் முறை தேர்வும் வேண்டாம். அது உங்கள் ஆசையே தவிர, அவளுடைய நாட்டம் அன்று.

நாட்டம் எதில் என்பதை அந்த நோட்டே சொல்கிறது: பயிர் மரபியலும் இனவிருத்தியும், அதாவது செடிகளைக் கலந்து புதிய ரகங்களை உருவாக்கும் துறை. அதற்கான களம் உங்கள் ஊரிலிருந்து தொலைவில் இல்லை. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் இன்றைய நாளில் கரும்பு சர்க்கரைப் பயிர் மட்டுமன்று, எரிபொருள் பயிரும்கூட. கோவையில் 1912இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தில்தான், ‘வெள்ளை’ என்ற தடித்த கரும்பையும் ஆற்றோரங்களில் நாணல்போல் வளரும் காட்டுக் கரும்பையும் இணைத்துப் பிறந்த கோ 205 ரகம் 1918இல் வெளிவந்தது. தடித்தது இனிப்பைக் கொடுத்தது, காட்டினம் தாங்கும் திறனைக் கொடுத்தது. தலச்சேரியில் பிறந்த தாவரவியலாளர் ஜானகி அம்மாள் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்ததும் அங்கேதான்.

இன்றைய ரகங்களில் பெரும்பாலானவை ஒரு சில மூதாதைகளின் வழிவந்தவை என்பதே இத்துறையின் பெருங்கவலை. உத்தரப் பிரதேசத்தில் கோ 0238 என்ற ஒரே ரகம் கரும்பு வயல்களின் பெரும்பகுதியைப் பிடித்தது. பின்னர் செவ்வழுகல் நோய் அதைத் தாக்கியபோது ஏராளமான வயல்கள் ஒன்றாகப் பாதிக்கப்பட்டன. அதனால்தான் காட்டினங்களையும் பழைய ரகங்களையும் கண்ணூரில் உயிரோடு பாதுகாக்கிறார்கள். தூரத்து இனங்களைக் கரும்போடு கலக்கும் மையம் உங்கள் பாலக்காடு மாவட்டத்து அகளியிலேயே இருக்கிறது.

வேலை நுணுக்கமானது. ஐப்பசி, கார்த்திகையில் கரும்பு பூக்கும்போது மகரந்தத்தை அயோடினில் தோய்த்துப் பார்ப்பார்கள். கறுத்தால் வீரியமுள்ளது, நிறம் ஏறாவிட்டால் அந்தச் செடியைப் பெண்ணாகக் கொள்ளலாம். ஆண் பூங்கதிரை அருகில் நிறுத்தி, வேற்று மகரந்தம் படாமல் துணிக்கூண்டு போடுவார்கள். பஞ்சுபோன்ற விதையிலிருந்து முளைக்கும் ஒவ்வொரு நாற்றும் ஒவ்வொரு விதமாக இருக்கும். ஆயிரக்கணக்கானவற்றைக் கழித்து, தேறியதைக் கரணையாக, அதாவது தண்டுத் துண்டாக நட்டு, வெட்டிய கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும் மறுதாம்பிலும் சோதித்து ஒரு ரகத்தை வெளியிடப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகும். உதிர்ந்த ஏழு பூக்களையும் கணக்கில் எழுதுகிறவளுக்கு இந்தப் பொறுமை புதிதன்று.

அவளுடைய நீட் மதிப்பெண்ணும் வீணாகவில்லை. கேரளத்தில் வேளாண் பட்டப்படிப்புக்கும் கீம் (KEAM) என்ற மாநிலச் சேர்க்கை முறை வழியாக அதை வைத்தே தரவரிசை போடுகிறார்கள். வெள்ளானிக்கரை, வெள்ளாயணி, படன்னக்காடு ஆகிய அரசுக் கல்லூரிகளை முதலில் குறியுங்கள். தனியார் கல்லூரி என்றால், இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அங்கீகாரம் இல்லாத இடத்தில் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். பிறகு முதுகலைக்குப் போகும்போது அதுவே தடையாக நிற்கும். முதுகலையில் மரபியல், அதன்பின் முனைவர் பட்டம், விஞ்ஞானி தேர்வு என்று பாதை நீளமானதுதான், மறைக்கவில்லை. ஆனால் தோப்பு உங்கள் கையிலேயே இருக்கும்.

கரும்பு பூக்கும் பருவத்தில் கோவை நிறுவனத்துக்கு முன்கூட்டியே எழுதி அனுமதி பெற்று, அவளை ஒரு நாள் அழைத்துப் போங்கள். நோட்டை மறக்காமல் எடுத்துவரச் சொல்லுங்கள். அங்கே கேள்விகளை அவளே கேட்கட்டும்.